டீக்கன் போட்ட தரை

வெர்னெல் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் சபையில் முதலில் சொல்வது அவள் போடும் தேநீரைத்தான். ஐஸ் மிதக்க, பல் கூசுகிற இனிப்போடு, பெரிய கண்ணாடிக் குடுவையில் கொண்டுவருவாள். இரண்டாவதாகச் சொல்வதை மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவள் எதையும் மறக்க மாட்டாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. என் பெயர் நோலா. என் வீடு என் அம்மா விட்டுப்போனது, அதனால் தரை, கூரை எல்லாம் என் தலைவலி. அவள் இருந்தது வாடகை வீடு, எங்கள் சபை நிர்வாகத்தில் இருக்கிற டீக்கன் ஹேவுட்டுடையது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடுகள் அவருக்கு இருந்தன. செங்கல் தூண்களின் மேல் நிற்கிற பழைய மரவீடுகள். ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஊர் எல்லை அந்த ரயில் பாதையோடு முடிந்துவிடுகிறது. ஊரின் சாக்கடைக் குழாயும் அங்கேயே நின்றுவிடும், வீட்டைப் பரிசோதிக்க வரும் அதிகாரியும் அங்கேயே நின்றுவிடுவார். பாதையைத் தாண்டிக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். ஒருமுறை கவுண்டி ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து வீடுகளைக் கணக்கெடுத்தாள். "வீட்டுக்குள்ள பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா அது எப்ப வீட்டுக்கு வெளிய போகும்னு தெரியல" என்றார் கிளியோ அண்ணன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு 'இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போனாள்.

கிளியோ அண்ணன், முழுப்பெயர் கிளியோஃபஸ், வெர்னெல் அக்காவின் கணவர். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வாலிபத்தில் நன்றாகக் குடித்தவர் என்பது ஊருக்கே தெரியும். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவரைத் தேடி அக்கா நடந்த தூரத்தைச் சேர்த்தால் அட்லாண்டாவுக்கே போய் வந்திருக்கலாம். பிறகு ஒரு நாள், யார் சொல்லியும் கேட்காதவர், தானாகவே நிறுத்தினார். ஞானஸ்நானம் எடுத்தார். ஆண்கள் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் குடித்தது அக்காவின் தேநீர் ஒன்றைத்தான். அக்கா கோழிக்கறி ஆலையில் கத்தி பிடித்து, பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து, விரல்கள் மடங்காமல் போனதும் வீட்டில் உட்கார்ந்தாள். வயதான காலத்தில்தான் அவர்கள் இருவரும் புதுமணத் தம்பதி மாதிரி இருந்தார்கள். முற்றத்தில் அவர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டால் இவள் ஜன்னலில் நின்று "கோணல்! கோணல்!" என்று கத்துவாள்.

அந்த வீட்டின் குளியலறைதான் தொந்தரவு. தொட்டிக்கு அடியில் குழாய் கசிந்து தரைப்பலகை ஊறிப்போயிருந்தது. நடந்தால் ரொட்டியை மிதிப்பதுபோல அமுங்கும். அக்கா ஒவ்வொரு முறை புகார் சொல்லும்போதும் டீக்கன் ஹேவுட் வருவார். பெரிய மனிதர், உடம்பும் பெரியது. வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆளை விட்டு, பழைய விரிப்பின் மேலேயே புது லினோலியம் விரிப்பை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். முதலில் நீலக் கட்டம். அதன்மேல் பழுப்புப் பூ. அதன்மேல் செங்கல் மாதிரி ஒன்று. குழாயை யாரும் தொடவே இல்லை.

"இது தரையா டீக்கன், இல்ல துணிக்கடையா? மேல மேல சுத்திக்கிட்டே போறீங்க" என்றாள் அக்கா.

"ஏம்மா வெர்னெல், எப்படி மின்னுது பாரு. என் வீட்டுலகூட இவ்ளோ அழகு இல்ல."

"அப்ப மாத்திக்குவோமா? நீங்க இங்க வந்துருங்க."

டீக்கன் தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டே சிரித்தார். நன்றாகச் சிரிப்பார். சபையில் முதல் டீக்கன் அவர்தான். காணிக்கைத் தட்டு அவர் கையில்தான் புறப்படும், அவர் கைக்குத்தான் திரும்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சபைக்குப் புறப்படுகிற நேரம். நான் தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மரம் முறிகிற சத்தம், உடனே அக்காவின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் கிளியோ அண்ணன் முகத்தில் பாதிச் சவரத்தோடு தரைக்குள் இறங்கி நிற்கிறார். ஒரு கால் தொடை வரைக்கும் ஓட்டைக்குள். இடுப்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் பலகையை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அந்த நிலையிலும் அவர் என்னைப் பார்த்து, "நோலா, கீழ ஒரு பூனை குட்டி போட்டிருக்கு" என்றார்.

நாங்கள் இருவரும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மறுநாள் துணி எடுக்க அக்காவோடு வீட்டுக்கு வந்தேன். குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஓட்டையைக் காணோம். வெள்ளைப் பளிங்குபோலச் சாம்பல் கோடு ஓடுகிற புத்தம்புது விரிப்பு சுவருக்குச் சுவர் பளபளத்தது. பசை நாற்றம் இன்னும் போகவில்லை.

"வேகமா வேலை பாத்திருக்காரு. இத்தன வருஷத்துல இவ்ளோ வேகமா வந்ததில்ல" என்றாள் அக்கா.

அது மட்டும் என்றால் அவள் வழக்குப் போட்டிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஊர் பொதுவாகச் செய்கிறதைச் செய்திருப்பாள். ஆனால் டீக்கன் இன்னொன்றும் செய்திருந்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், ஜெபக் குறிப்புகள் சொல்லும் நேரத்தில், அவர் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம கிளியோஃபஸ் சகோதரருக்காக ஜெபிப்போம். பழைய சத்துரு அவரத் திரும்பவும் பிடிச்சுட்டான். விழுந்துட்டாரு. நாம யாரும் நியாயம் தீர்க்க வேணாம்" என்றார். எங்கள் சபையில் ஒருவரைப் பற்றிப் புறம்பேச வேண்டுமென்றால் அவருக்காக ஜெபம் கேட்டால் போதும். யாரும் மறுத்துப் பேச முடியாது, எல்லாரும் 'ஆமென்' சொல்லியாக வேண்டும். சொன்னார்கள்.

நான் அங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகு நான் பார்த்ததைச் சொன்னபோது, "அவ உனக்கு உசுருத் தோழி, நீ வேற எப்படிச் சொல்லுவ?" என்றுதான் கேட்டார்கள்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது சபைச் சகோதரி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு ஆறுதல் சொல்ல வந்தபோது. "கவலப்படாதீங்க, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் நிறுத்துவாரு, ஆரம்பிப்பாரு" என்றாள் அவள். கட்டிலில் கிடந்த கிளியோ அண்ணன் கேட்டுவிட்டார். அவருக்கு அப்போது நெஞ்சில் சளி கட்டி, பேச்சு பாதி மூச்சாகத்தான் வந்தது.

"வெர்னெல்... நான் குடிக்கலன்னு சொல்லு."

"சொல்றேன்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"நான் சொல்லல. சொன்னவன் வாயாலயே சொல்ல வெக்கிறேன். நீ தூங்கு."

அந்த வாரக் கடைசியில் அவர் போய்விட்டார்.

அன்று மத்தியானமே டீக்கன் ஹேவுட் அக்காவைப் பார்க்க வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத தாயி. எல்லாரும் சபை ஹால்லயே வந்து உக்காரட்டும். கோழிச் செலவு முழுக்க என்னுது" என்றார்.

"அடக்கத்துக்கு அப்புறம் ஹால்ல வெச்சுக்கலாம் டீக்கன். அதுக்கு முந்தின நாள் வீட்டுலதான் உக்காரணும். அதுதானே வழக்கம்? என் புருஷன் வாழ்ந்த வீடு."

"இடம் பத்தாதும்மா..."

"நெருக்கி உக்காந்துக்குவோம். துக்கத்துல நெருக்கமா உக்காந்தாத்தான் நல்லது."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அதற்கு மேல் மறுக்க முடியாது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் உட்காருவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எல்லாரும் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவர வேண்டும். டீக்கன்மார் சேர்ந்து வர வேண்டும். பாஸ்டர் வந்து முடிவு ஜெபம் செய்கிறவரைக்கும் முதல் டீக்கன் இடத்தைவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. விதவை தன் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இதில் எதைத் தவறவிட்டாலும் அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டைத் தூக்க வேறு ஆள் பார்த்துவிடுவார்கள்.

அடுத்த நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சமையலறையில் அவளிடமிருந்த குடுவை, வாளி, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நோலா, உன் வீட்டு பாத்ரூமக் கழுவி வை. யாரு கேட்டாலும் அங்கதான் அனுப்பணும். பொம்பளைங்க, பிள்ளைங்க, ஆம்பளைங்க, எல்லாரும். இந்த வீட்டு பாத்ரூம் கதவ ஒருத்தரும் தொறக்கக் கூடாது."

"ஏன்க்கா?"

"அது ஒருத்தருக்குன்னு வெச்சிருக்கேன்."

"அக்கா, டீக்கன் உள்ள விழுந்து செத்துகித்து வெச்சாருன்னா?"

"விழ மாட்டாரு. அடியில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும்." ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளி ஜாடியில் கொட்டினாள். "அவருக்குத் தெரியும்ங்கிறது மத்தவங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

பிறகு பாஸ்டர் லெமுவேலுக்குப் போன் செய்தாள். அவர் வயதில் சின்னவர், புதிதாக வந்தவர். "அவசரப்படாம வாங்க பாஸ்டர். சாப்பிட்டுட்டு, கொஞ்சம் படுத்து எழுந்திரிச்சு வாங்க. துக்கம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். பாவம், அந்த மனிதர் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வீடு நிறைந்துவிட்டது. பொரித்த கோழி, புகையூட்டிய பன்றிக்கறியோடு வேகவைத்த கீரை, சீஸ் மக்ரோனி, உருளைக்கிழங்கு சாலட், மூன்று வகைக் கேக். அடக்கம் செய்கிறவர்கள் கொடுத்தனுப்பிய மடக்கு நாற்காலிகள் சுவரோரம் நின்றன. கிளியோ அண்ணனின் சாய்வு நாற்காலியை அக்கா குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டிருந்தாள். டீக்கன் ஹேவுட் மனைவி எர்னஸ்டினோடு உள்ளே வந்ததும் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள்.

"முதல் டீக்கனுக்கு முதல் நாற்காலி."

"இது கிளியோ நாற்காலி ஆச்சேம்மா."

"அவரு எழுந்திரிச்சு வந்து கேக்க மாட்டாரு."

தேநீர் வந்தது. பெரிய குவளை, விளிம்பு வரைக்கும். அவர் குடித்தார். பாதி இறங்குமுன் அக்கா குடுவையோடு பக்கத்தில் நின்றாள்.

"போதும்மா."

"என்ன டீக்கன், சாவு வீட்டுத் தண்ணிய வேணாங்கிறீங்க?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குவளையை நீட்டினார். அக்கா ஊற்றினாள். கிளியோ அண்ணனைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாரி ஆற்றில் இறங்கிய கதை, பாட்டுக் குழுவில் தூங்கிக்கொண்டே சரியாகப் பாடிய கதை. சிரிப்பு அடங்கும்போதெல்லாம் அக்கா ஊற்றினாள். ஒரு கட்டத்தில் டீக்கன் ஒரு முழங்காலை இன்னொன்றின் மேல் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு பாஸ்டர் எப்போது வருவார் என்று மூன்று பேரிடம் கேட்டார்.

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாதாரண நேரத்திலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டால் போக வேண்டும்போல இருக்கும்.

கடைசியில் எழுந்தார். "இதோ வந்துர்றேன்" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க டீக்கன்?"

"நோலா வீட்டுக்குத்தான். அங்கதான் எல்லாரும்..."

"இந்த மழையிலயா? வயசான காலத்துல வழுக்கி விழுந்தா எர்னஸ்டின் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அக்கா நடந்துபோய்க் குளியலறைக் கதவை விரியத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். வெள்ளைத் தரை பளிச்சென்று சிரித்தது. "உங்களுக்காகத்தான் யாரையும் விடாம சுத்தமா வெச்சிருக்கேன். போங்க. நீங்க போட்ட தரைதானே."

அவர் கதவு வரைக்கும் போனார். அங்கே நின்றார்.

அறையில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கூட மெல்வதை நிறுத்தினார்கள். அவர் ஷூ முனை வாசல் கட்டையைத் தொட்டது, பின்னால் வந்தது, மறுபடி தொட்டது.

"என்ன ஹேவுட் இது, சின்னப்புள்ள மாதிரி" என்றாள் எர்னஸ்டின். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெகுளியான மனுஷி, மயில்நீலத் தொப்பி வைத்திருந்தாள். "லைட் எரியுது, துண்டு இருக்கு, வேற என்ன வேணும்? நகரு, நான் பாக்குறேன்" என்று அவரை ஒதுக்கிவிட்டு ஒரு காலைத் தூக்கினாள்.

"எர்னி, கால வெக்காத! தாங்காது!"

அவர் கத்திய கத்தலில் எர்னஸ்டினின் தொப்பி சரிந்தது. இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார். இருவரும் சுவரில் மோதி நின்றார்கள்.

வெர்னெல் அக்கா குடுவையை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எது தாங்காது டீக்கன்?"

அவர் எர்னஸ்டினின் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"எர்னஸ்டின் அக்காவ விட என் வீட்டுக்காரரு ஒல்லி. அவரத் தாங்கியிருக்கணுமே? அவரு குடிச்சதாலதானே விழுந்தாரு? அக்கா குடிக்கவே மாட்டாங்க, அவங்கள எதுக்கு இழுத்தீங்க?"

மூலையில் யாரோ 'கர்த்தாவே' என்றார்கள். அது ஜெபம் இல்லை. எர்னஸ்டின் தன் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கினார். படி இறங்கினவர் என் வீட்டுப் பக்கம் போகவும் நேரம் இல்லாமல் தன் காருக்குப் பின்னால் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது அவர் கால்சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மழைதான் என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அக்காவிடம் கேட்டால், "அன்னைக்கு நல்ல மழை" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் லெமுவேல் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார். யாரோ காதோடு சொன்னார்கள். அவர் அக்காவின் கையைப் பிடித்து, "சகோதரி, இந்த நேரத்துல மன்னிக்கிறதுதான்..." என்று தொடங்கினார்.

"மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம் பாஸ்டர். நாளைக்கு அடக்க ஆராதனையில ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொல்வீங்கல்ல? முதல்ல டீக்கன் ஹேவுட் பேசட்டும்."

"அவரு விரும்பினா..."

"விரும்புவாரு. வீட்டுக்குப் போற வழியில எர்னஸ்டின் அக்கா விரும்ப வெச்சுருவாங்க."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. சும்மாவே வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். நான், வருகிறவர்களை உட்காரவைக்கிற பணிப்பெண்களின் வெள்ளை உடுப்பில், இருக்கை வரிசைகளுக்கு நடுவே நின்று விசிறி கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்வரிசையில், கறுப்புத் தொப்பியில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தாள். டீக்கன் எழுந்தார். மேடையேறி மைக்கைவிட்டு ஓரமாக நின்றுகொண்டு, தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பின் வரிசைக்குக் கேக்கல டீக்கன்" என்றாள் அக்கா.

அவர் மைக்குக்கு நேராக வந்தார். "கிளியோஃபஸ் சகோதரர் குடிக்கல. தரை உடைஞ்சுது" என்றார்.

"யாரோட தரை?"

பாஸ்டர் நாற்காலியில் நெளிந்தார். பாடகர் குழுவில் காலியாக விடப்பட்டிருந்த ஓர் இடத்தின் மேல் கிளியோ அண்ணனின் அங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. டீக்கன் அதைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்தார்.

"என்னோட தரை. அது அழுகிப்போனது எனக்குத் தெரியும். நான் மூடி வெச்சேன். அவரு குடிக்கல."

இந்த முறை யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. அக்கா மட்டும் சொன்னாள், சத்தமாக. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அடக்கம் முடிகிறவரைக்கும் அழுதாள், யார் தேற்றியும் நிறுத்தவில்லை.

தரை போட்டார்கள். வெறும் விரிப்பு இல்லை, அடியிலிருந்து புது மரம், புதுக் குழாய். வரிசையில் இருந்த மற்ற வீடுகளுக்கும் சேர்த்துப் போட்டார்கள், ஏனென்றால் மற்றவர்களும் சாவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள், பிறந்தநாளுக்கெல்லாம் டீக்கனை வீட்டுக்கு அழைத்துக் குவளை குவளையாகத் தேநீர் ஊற்றினார்கள். பூனைக்குட்டிகளை எடுத்து நான் வளர்த்தேன். எர்னஸ்டின் அதற்குப் பிறகு எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவள் நல்லவள், அவளை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. அக்காவுக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். "அவ கால் நல்லா இருக்குல்ல?" என்றாள்.

பாஸ்டர் இன்னும் அந்த மன்னிப்பைப் பற்றி அவ்வப்போது எடுப்பார். அக்கா கேட்டுக்கொள்வாள். ஆகஸ்டில் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்கிற ஞாயிறன்று ஆராதனை முடிந்து மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பிடுவோம். தேநீர் அக்கா பொறுப்பு. எல்லாருக்கும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டே வருவாள். டீக்கன் ஹேவுட்டிடம் வந்ததும் நின்று, விளிம்பு வரைக்கும் ஊற்றி, அவர் குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே இருந்து, மறுபடி ஊற்றுவாள்.

"இன்னும் எத்தன வருஷம்க்கா?" என்று கேட்டேன் ஒருமுறை. "அந்த ஆளுக்கும் வயசாச்சு. இப்ப சர்க்கரை வேற."

"வேணாம்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நிறுத்திர்றேன்."

போன ஆகஸ்டிலும் அவர் குவளையை நீட்டினார்.